நாலு தடவை படித்தும் ஏன் மார்க் வரவில்லை?

முதல் இன்டர்னல் விடைத்தாள்களைக் கொடுத்த அன்று மாலை, மின்பொறியியல் படிக்கும் மாணவி ஒருத்தி நோட்டுடன் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். ஐம்பதுக்குப் பதினெட்டு வாங்கியிருந்தாள். "சார், இந்த யூனிட்டை நாலு தடவை படிச்சேன். நைட்டு ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்து படிச்சேன்" என்றாள். அவள் சொன்னது உண்மை என்பது நோட்டைப் பார்த்தாலே தெரிந்தது. மஞ்சள், பச்சை, ரோஸ் என்று மூன்று நிறத்தில் ஹைலைட்டர் கோடுகள். ஓரங்களில் ஆங்கிலச் சொற்களுக்குப் பென்சிலால் எழுதிய தமிழ் அர்த்தங்கள். புரட்டிப் புரட்டிப் பக்கங்களின் கீழ் மூலை நைந்து போயிருந்தது.

நோட்டை மூடச் சொல்லிவிட்டு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தேன். இண்டக்‌ஷன் மோட்டாரில் ஸ்லிப் என்றால் என்ன, உனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுது என்றேன். வரையறையை ஆங்கிலத்தில் ஒரு கமாகூடப் பிசகாமல் எழுதினாள். சூத்திரத்தை எழுதினாள். அதோடு பேனா நின்றுவிட்டது.

"ஸ்லிப் பூஜ்யமானா என்னம்மா ஆகும்?"

"பூஜ்யமாகாது சார்."

"ஏன் ஆகாது?"

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உழைக்காத பிள்ளைக்கு மார்க் குறைந்தால் காரணம் எல்லோருக்கும் தெரியும். உழைத்த பிள்ளைக்குக் குறைந்தால் அவளுக்கும் காரணம் தெரியாது, வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியாது. "இன்னும் நல்லா படி" என்ற ஒரே அறிவுரைதான் எல்லாப் பக்கமிருந்தும் வரும். எப்படிப் படிப்பது என்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. அந்த "எப்படி"யைத்தான் கல்வி உளவியலில் ஐம்பது ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார்கள். பல்கலைக்கழக மாணவர் படிக்கும் விதத்துக்கும் அவர் எடுக்கும் மதிப்பெண்ணுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் கேள்வி. கிடைத்திருக்கும் பதில்களில் சில, ஆசிரியர்கள் நம்பிக்கொண்டிருப்பதற்கு நேர்மாறாக இருக்கின்றன.

ஒரே பத்தி, இரண்டு விதமான வாசிப்பு

சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் ஃபெரன்ஸ் மார்ட்டன், ரோஜர் செல்யோ என்ற இருவர் செய்த ஆய்வு 1976ல் வெளியானது. மாணவர்களிடம் ஒரு கட்டுரைப் பகுதியைக் கொடுத்து, படித்து முடித்ததும் கேள்வி கேட்போம் என்று சொன்னார்கள். பல்கலைக்கழகத் தேர்ச்சி விகிதம் பற்றிய பகுதி அது. படித்த பிறகு, என்ன புரிந்தது என்று கேட்டதோடு எப்படிப் படித்தீர்கள் என்றும் கேட்டார்கள். அதுவரை யாரும் அவ்வளவு அக்கறையாகக் கேட்காத கேள்வி அது.

பதில்கள் இரண்டு வகையாகப் பிரிந்தன. சிலர் சொற்களையும் எண்களையும் தலைக்குள் ஏற்றிக்கொள்வதிலேயே குறியாக இருந்தார்கள். எதைக் கேட்பார்களோ, எது மறந்துவிடுமோ என்ற கவலையோடு வரி வரியாக நகர்ந்தார்கள். வேறு சிலர், எழுதியவர் என்ன சொல்ல வருகிறார், எதை வைத்து அப்படிச் சொல்கிறார் என்று தேடிக்கொண்டே படித்தார்கள். முதல் வகையினரில் பலருக்குக் கட்டுரையின் சாரமே பிடிபடவில்லை. தேடாததால் அது கிடைக்கவும் இல்லை. முதலாவதை மேலோட்டப் படிப்பு என்றும் இரண்டாவதை ஆழ்ந்த படிப்பு என்றும் அழைத்தார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இவை மாணவர்களின் வகைகள் அல்ல. "அவன் மேலோட்டமான பையன், இவள் ஆழமான பெண்" என்று பிரிப்பதற்கு இந்த ஆய்வில் இடமே இல்லை. ஒரு மாணவி ஒரு வேலையை ஒரு சூழலில் எப்படிக் கையாள்கிறாள் என்பதைத்தான் இந்தச் சொற்கள் குறிக்கின்றன. திங்கட்கிழமை சிக்னல்ஸ் தாளுக்கு நெட்டுருப் போடுகிறவளே வெள்ளிக்கிழமை தனக்குப் பிடித்த புரோகிராமிங்கில் மூழ்கிக் கிடப்பாள்.

பிறகு பிரிட்டனில் நோயல் என்ட்விசிலும் ஆஸ்திரேலியாவில் ஜான் பிக்ஸும் இதை வினாப்பட்டியலாக்கினார்கள். என்ட்விசில் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்தார். நேரத்தைப் பங்கிட்டு, தேர்வில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று கவனித்து, நல்ல மதிப்பெண் எடுக்கும் நோக்கோடு ஒழுங்காகப் படிப்பது. இதைத் திட்டமிட்ட படிப்பு என்று சொல்லலாம். பிக்ஸும் அவருடைய சகாக்களும் 2001ல் சுருக்கி வெளியிட்ட 20 கேள்விப் பட்டியல் இன்றும் பல நாடுகளில் ஆய்வுகளில் பயன்படுகிறது.

எண்கள் சொல்லும் சங்கடமான செய்தி

ஆழ்ந்து படித்தால் மார்க் கூடும். வகுப்பில் நாங்கள் சொல்வது இதைத்தான், நான் நம்பியதும் இதைத்தான். மிஷெல் ரிச்சர்ட்சனும் சார்லஸ் ஆப்ரஹாமும் ராட் பாண்டும் 1997 முதல் 2010 வரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2012ல் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். அதில் ஆழ்ந்த படிப்புக்கும் கல்லூரி மதிப்பெண்ணுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை மைனஸ் 1 முதல் 1 வரை காட்டும் எண், 0.04. கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. திட்டமிட்ட படிப்புக்கு 0.23. மேலோட்டப் படிப்புக்கு மைனஸ் 0.18. அதாவது மேலோட்டமாகப் படிப்பவர்களின் மதிப்பெண் குறைவாக இருக்கிறது, திட்டமிட்டுப் படிப்பவர்களின் மதிப்பெண் கூடுதலாக இருக்கிறது, ஆழ்ந்து படிப்பது மட்டும் இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கிறது.

ஒருவேளை இது தற்செயலோ என்று நினைத்தால், 2017ல் மிகேல் ஷ்னைடர், ஃபிரான்சிஸ் பிரெக்கல் என்ற இருவர் இன்னும் பெரிய அளவில் பார்த்தார்கள். 38 தொகுப்பாய்வுகள், கிட்டத்தட்ட 20 லட்சம் மாணவர்கள், உயர்கல்விச் சாதனையோடு தொடர்புடைய 105 காரணிகள். அங்கேயும் வரிசை இதேதான்.

இதைப் படித்த அன்று எனக்கு மனம் ஒப்பவில்லை. புரிந்துகொண்டு படிப்பதற்குப் பலன் இல்லையென்றால் நாங்கள் எதற்கு வகுப்பில் நின்று பேசுகிறோம்? பதில் மாணவரிடம் இல்லை, வினாத்தாளில் இருக்கிறது என்பதுதான் நான் வந்து சேர்ந்த முடிவு. அதற்கு நல்ல சான்றும் உண்டு.

சிட்னி பல்கலைக்கழகத்தில் கேரன் ஸ்கூலர் செய்து 1998ல் வெளியிட்ட ஆய்வு அது. இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 206 பேர். ஒரே பாடத்தில் அவர்களுக்கு இரண்டு விதமான மதிப்பீடு இருந்தது: ஒன்று கட்டுரை, மற்றொன்று சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. அதே மாணவர்கள் கட்டுரைக்கு ஆழ்ந்து படித்தார்கள், தேர்வுக்கு மேலோட்டமாகப் படித்தார்கள். அதைவிட முக்கியமான செய்தி அடுத்தது. கட்டுரையில் மேலோட்டமாகப் படித்தவர்கள் குறைந்த மதிப்பெண் வாங்கினார்கள். விடை தேர்ந்தெடுக்கும் தேர்விலோ, ஆழ்ந்து படித்தவர்கள்தான் குறைவாக வாங்கினார்கள். ஆழத்தைக் கேட்காத தேர்வில் ஆழமாகப் போனவருக்கு நேரமும் போயிற்று, மார்க்கும் போயிற்று.

இதை நம் ஊர் வினாத்தாளோடு பொருத்திப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷன் வினாத்தாளில் 2 மார்க் கேள்விகள் பத்து, 13 மார்க் கேள்விகள் ஐந்து, 15 மார்க் கேள்வி ஒன்று. இந்த அமைப்பில் எந்தத் தவறும் இல்லை. அந்த 13 மார்க் இடத்தில் என்ன உட்காருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "இண்டக்‌ஷன் மோட்டாரின் இயக்கத்தைப் படத்துடன் விளக்குக" என்று கேட்டால், போன வருஷத்து விடையைப் படத்தோடு நெட்டுருப் போட்டவருக்கும் மோட்டாரைப் புரிந்துகொண்டவருக்கும் ஒரே மார்க். சில சமயம் நெட்டுருப் போட்டவருக்கு இரண்டு மார்க் கூட, ஏனென்றால் அவர் எழுதியது விடைக்குறிப்போடு வரிக்கு வரி ஒத்துப்போகும். இதை மாணவர்கள் முதல் செமஸ்டரிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். முந்தைய ஆண்டு வினாத்தாள்களைச் சேகரிப்பது, ஜெராக்ஸ் கடையில் மெட்டீரியல் வாங்குவது, "இம்பார்ட்டன்ட் கொஸ்டின்" என்று வாட்ஸப்பில் வருவதை மட்டும் படிப்பது எல்லாம் சோம்பேறித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். கேட்கப்படுவதைப் பார்த்துத் தயாராவது அறிவான பிள்ளைகள் செய்கிற காரியம்தான். திட்டமிட்ட படிப்பு ஏன் மதிப்பெண்ணோடு ஒட்டி வருகிறது என்பதற்கும் இதில் பாதி விளக்கம் இருக்கிறது.

கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். "விவசாயக் கிணற்று மோனோபிளாக் பம்பின் பெயர்ப்பலகையில் 2880 ஆர்பிஎம் என்று இருக்கிறது. 3000 என்று ஏன் இல்லை? பம்பில் மணல் அடைத்துச் சுமை கூடினால் இந்த எண் ஏறுமா, இறங்குமா?" நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மோட்டார் இரண்டு துருவம் என்பதால் காந்தப்புலம் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றுகிறது. மோட்டாரின் சுழலும் பகுதியான ரோட்டார் அதைத் துரத்திக்கொண்டே இருக்கிறது, ஆனால் எட்டிப் பிடிக்க முடியாது. பிடித்துவிட்டால் ரோட்டாரைக் காந்தப்புலம் வெட்டுவது நின்றுவிடும், அதில் மின்னோட்டம் தூண்டப்படாது, முறுக்குவிசை இருக்காது, வேகம் தானாக இறங்கிவிடும். அந்த 120 சுற்றுப் பின்தங்கல்தான் ஸ்லிப், 4 சதவீதம். சுமை ஏறினால் இன்னும் கொஞ்சம் பின்தங்கும். இந்தக் கேள்விக்கு நெட்டுரு உதவாது. வரையறை மட்டும் தெரிந்தவருக்கு 2880 என்ற எண்ணே புதிராக இருக்கும்.

அப்படியானால் கடினமான கேள்விகளைக் கேட்டாலே போதும், எல்லோரும் ஆழமாகப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று தோன்றும். மார்ட்டனும் செல்யோவும் அதையும் சோதித்துப் பார்த்தார்கள். படிக்கும்போது இடையிடையே ஒரு குழுவிடம் துண்டுத் துண்டான தகவல்களைக் கேட்டார்கள். மற்றொரு குழுவிடம் கருத்தைத் தொட்டுக் கேட்டார்கள், சுருக்கிச் சொல்லவும் சொன்னார்கள். முதல் குழு எதிர்பார்த்தபடியே மேலோட்டமாகப் போயிற்று. இரண்டாவது குழுவில் எல்லோரும் ஆழமாகப் போகவில்லை. சுருக்கத்தைத்தானே கேட்கப்போகிறார்கள் என்று, சுருக்கம் சொல்வதற்குத் தேவையானதை மட்டும் சிலர் பொறுக்கிக்கொண்டார்கள். அதாவது ஆழத்தையும் ஒரு சடங்காக்கிவிட்டார்கள். "அப்ளிகேஷன் கொஸ்டின்" என்ற பெயரில் வருஷா வருஷம் அதே கணக்கை எண் மாற்றிக் கேட்டால் இங்கேயும் அதுதான் நடக்கும். கேள்வி உண்மையிலேயே புதிதாக இருக்க வேண்டும். அதை எழுத ஆசிரியருக்கு நேரம் வேண்டும். ஒரே செமஸ்டரில் மூன்று தாள் எடுப்பவருக்கு அந்த நேரம் எங்கே என்பதும் நியாயமான கேள்விதான்.

மனப்பாடம் எதிரியா?

இந்த விஷயத்தில் மேற்கத்திய ஆய்வாளர்கள் ஆரம்பத்தில் ஒரு தவறு செய்தார்கள். மனப்பாடம் என்றாலே மேலோட்டம் என்று எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் சீன மாணவர்களைப் பார்த்துக் குழம்பிப்போனார்கள். விடாமல் மனப்பாடம் செய்கிற அந்தப் பிள்ளைகள் ஆழ்ந்த படிப்புக்கான கேள்விகளிலும் நல்ல மதிப்பெண் காட்டினார்கள், தேர்விலும் நன்றாக வந்தார்கள். டேவிட் வாட்கின்ஸும் பிக்ஸும் 1996ல் தொகுத்த நூலில் இதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது. புரியாமல் ஒப்பிப்பது வேறு, புரிந்துகொள்வதற்காகத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும்.

ஹாங்காங்கில் டேவிட் கெம்பரும் லின் கோவும் கண்டது இன்னும் நமக்கு நெருக்கமானது. அங்கே மாணவர்கள் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில் படித்தார்கள். ஒரு பகுதியை எடுத்து, சொல் சொல்லாகப் புரிந்துகொண்டு, அதை மனப்பாடம் செய்து, பிறகு அடுத்த பகுதிக்குப் போனார்கள். முழுப் பாடத்தையும் ஒரே பார்வையில் பார்க்க மொழி இடம் கொடுக்கவில்லை. இதைப் படித்தபோது அந்த மாணவியின் நோட்டு ஓரத்திலிருந்த பென்சில் எழுத்துகள்தான் நினைவுக்கு வந்தன. பன்னிரண்டாம் வகுப்பு வரை "மின்னோட்டம்", "தூண்டல்" என்று தமிழில் படித்தவள், கல்லூரியில் முதல் நாளே ஐந்நூறு பக்க ஆங்கிலப் புத்தகத்தின் முன் உட்கார்கிறாள். வாக்கியம் சொந்தமாக வராது, ஆகவே புத்தக வாக்கியத்தையே பிடித்துக்கொள்கிறாள். தப்பாக எழுதிவிடுவோமோ என்ற பயத்தில் செய்கிற மனப்பாடம் அது. அவளைப் பார்த்து "புரிஞ்சு படிம்மா" என்று சொல்வது எளிது. முதலில் தமிழிலேயே விளக்கிச் சொல்லவிட்டு, அப்புறம் அதை உடைந்த ஆங்கிலத்தில் எழுதவிட்டு, அந்த உடைந்த ஆங்கிலத்துக்கும் மார்க் கொடுப்பதுதான் உண்மையான உதவி.

நம் மரபில் மனப்பாடத்துக்குப் பெரிய இடம் இருந்தது. ஆனால் அது தனியாக இருக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரம், ஒரு நூலைப் பயிலும் முறையைச் சொல்லும்போது "பாடம் போற்றல்" (பாடத்தை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுதல்) என்பதை அடுத்தே "கேட்டவை நினைத்தல்" என்கிறது. பிறகு வினாதல், வினாயவை விடுத்தல் (கேட்டதற்கு விடை சொல்லுதல்), தன்னைப் போன்ற மாணாக்கரோடு பயிலல் எல்லாம் வருகின்றன. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது "காற்கூறு", அதாவது கால் பங்குதான், கூடப் படிப்பவர்களோடு பயில்வதில் இன்னொரு கால், பிறருக்கு விரித்துரைக்கும்போது மீதி அரை என்று கணக்கும் போடுகிறது. இந்தக் கணக்கை யாரும் அளந்து பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் "கேட்டவை நினைத்தல்" என்ற இரண்டு சொல்லும் எதைச் சொல்கின்றனவோ, அதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

மூடி வைத்து நினைவுகூர்வது

அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் நடத்திய சோதனை 2006ல் வெளிவந்தது. ஒரு குழு மாணவர்கள் ஒரு பத்தியை நான்கு முறை படித்தார்கள். இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, பத்தியைப் பார்க்காமல் மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு முறை படித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து அது தலைகீழானது. நான்கு முறை படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61.

நாலு தடவை படித்தேன் என்று அந்தப் பெண் சொன்னபோது எனக்கு இந்த எண்தான் உள்ளே ஓடியது. திரும்பத் திரும்பப் படிக்கும்போது பக்கம் பழகிவிடுகிறது. எந்த வரி எந்த மூலையில் இருக்கிறது என்றுகூடத் தெரிகிறது. பழக்கமானது எல்லாம் தெரிந்தது போலத் தோன்றுகிறது. அந்தச் சோதனையிலும் நான்கு முறை படித்தவர்கள்தான் தங்களுக்கு அதிகம் நினைவிருக்கும் என்று நம்பினார்கள். எழுதிப் பார்த்தவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, ஏனென்றால் தங்களுக்குத் தெரியாதது எது என்பதை அவர்கள் ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

அதே பல்கலைக்கழக மாணவர்கள் 177 பேரிடம், நீங்களாகப் படிக்கும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டு 2009ல் ஒரு ஆய்வு வந்தது. 84 சதவீதம் பேர் நோட்டையோ புத்தகத்தையோ திரும்பப் படிப்போம் என்றார்கள். பார்க்காமல் நினைவுகூர்ந்து பார்ப்போம் என்றவர்கள் 11 சதவீதம்தான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மட்டும் செய்கிற தவறு அல்ல இது.

கணக்குத் தாள்களுக்கு இன்னொரு சோதனை பயன்படும். டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007ல் வெளியிட்டது. கனவடிவங்களின் கன அளவு காணும் நான்கு வகைக் கணக்குகளை ஒரு குழு வகைவகையாகப் பயிற்சி செய்தது, மற்றொரு குழு கலந்து கட்டிப் பயிற்சி செய்தது. பயிற்சியின்போது வகைவகையாகச் செய்தவர்கள் 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து செய்தவர்கள் 60. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முதல் குழு 20, இரண்டாவது குழு 63. காரணம் எளிது. ஒரே வகைக் கணக்கைப் பத்து முறை போடும்போது எந்த முறையைப் பயன்படுத்துவது என்று முடிவெடுக்கும் வேலையே இல்லை. தேர்வில் முதலில் செய்ய வேண்டியதே அந்த முடிவுதான். லாப்லாஸ் யூனிட் முடித்து, ஃபூரியே யூனிட் முடித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகவே போட்டுப் பழகிய பையன், தேர்வில் கணக்கைப் பார்த்ததும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முழிப்பது இதனால்தான்.

படிக்கும் நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2005ல் வெளியான ஆய்வில், எத்தனை மணி நேரம் படித்தார்கள் என்பதை மட்டும் வைத்து மதிப்பெண்ணைக் கணிக்க முடியவில்லை. எங்கே உட்கார்ந்து படித்தார்கள், எவ்வளவு திட்டமிட்டார்கள், முன்பு எப்படி வாங்கியிருந்தார்கள் என்பதையெல்லாம் சேர்த்த பிறகுதான் நேரத்துக்கு அர்த்தம் வந்தது. ராத்திரி ஒரு மணி என்பது உழைப்பின் அளவு, படிப்பின் அளவு அல்ல. ஹாஸ்டலில் எட்டுப் பேர் இருக்கும் அறையில், அருகில் போன் ஒலித்துக்கொண்டிருக்க மூன்று மணி நேரம் உட்காரும் பிள்ளைக்கு அந்த மூன்று மணியில் எவ்வளவு மிஞ்சும் என்று பெற்றோர் கேட்டுப் பார்க்க வேண்டும்.

எதை நம்புவது, எதில் நிதானம் வேண்டும்

மேலே சொன்ன ஒட்டுறவு எண்களை அப்படியே காரணம், விளைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலோட்டமாகப் படிப்பதால் மார்க் குறைகிறதா, மார்க் குறைந்து அரியர் ஏறியதால் பயந்துபோய் மேலோட்டத்துக்குப் போகிறார்களா? இரண்டும் நடக்கிறது என்றுதான் என் அனுபவம் சொல்கிறது. ஐந்து அரியர் வைத்திருக்கும் பையனுக்கு இந்த செமஸ்டர் தாள்களோடு சேர்த்துப் பதினொன்று எழுத வேண்டியிருக்கிறது. அவனிடம் ஆழ்ந்து படி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதோடு இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை மாணவர்களே நிரப்பிக் கொடுத்த வினாப்பட்டியல்களை நம்பியவை. நான் இப்படித்தான் படிக்கிறேன் என்று ஒருவர் சொல்வதும் அவர் உண்மையில் படிக்கும் விதமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

வருகைப்பதிவு இன்னொரு எடுத்துக்காட்டு. மார்கஸ் கிரடேயும் சகாக்களும் 2010ல் செய்த தொகுப்பாய்வில் வகுப்புக்கு வருவதற்கும் அந்தப் பாடத்தின் மதிப்பெண்ணுக்கும் 0.44 ஒட்டுறவு இருந்தது. படிக்கும் விதங்களுக்குக் கிடைத்த எண்களைவிட இது பெரியது. அதை அப்படியே இங்கே கொண்டுவந்து 75 சதவீத வருகைக் கட்டாயத்துக்குச் சாட்சியாக நிறுத்த நான் தயங்குவேன். தானாக வருகிற பிள்ளையும் வருகை குறைந்தால் கட்ட வேண்டிய கண்டோனேஷன் கட்டணத்துக்குப் பயந்து வந்து கடைசி பெஞ்சில் தூங்குகிற பிள்ளையும் ரெஜிஸ்டரில் ஒன்றுதான்.

ஆனால் ஒரு முடிவு அந்த 2012, 2017 தொகுப்பாய்வுகளில் உறுதியாக நிற்கிறது. இந்தத் தாளில் இவ்வளவு எடுக்க என்னால் முடியும் என்ற நம்பிக்கையும், சலிப்பு வந்தாலும் விடாமல் தொடரும் பழக்கமும் படிக்கும் விதங்களைவிட மதிப்பெண்ணோடு நெருக்கமாக இருக்கின்றன. 2012 தொகுப்பாய்வில் அந்த நம்பிக்கைக்குக் கிடைத்த எண் 0.59. அந்த நம்பிக்கை உபதேசத்தால் வருவதில்லை. போன முறை எழுத முடியாததை இந்த முறை எழுதிவிட்டோம் என்பதைத் தன் கண்ணால் பார்த்தால்தான் வரும். மூடி வைத்து எழுதிப் பார்ப்பதை நான் விடாமல் வலியுறுத்துவதற்கு நினைவாற்றல் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி இது.

ஆகவே, அடுத்த இன்டர்னலுக்கு மூன்று வாரம் இருந்தபோது அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். ஹைலைட்டரைப் பைக்குள் வைத்துவிடு. அன்றன்று நடந்த வகுப்பை அன்று மாலையே ஒரு தாளில், நோட்டைப் பார்க்காமல், தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுது. படம் வரையத் தோன்றினால் வரை. பிறகு நோட்டைத் திறந்து விட்டுப்போனதை வேறு நிற மையில் சேர். இரண்டு நாள் கழித்து ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை, மறுபடியும் பார்க்காமல் எழுது. சனிக்கிழமை பக்கத்து அறைத் தோழிக்கு ஒரு தலைப்பை வாயால் சொல்லிக் கொடு. அவள் "ஏன்?" என்று கேட்கிற இடத்தில் தடுமாறினால் அந்த இடத்தைக் குறித்துக்கொள். முந்தைய வினாத்தாள்களையும் பார், தவறில்லை. ஆனால் கடைசி வாரத்தில் பார், முதல் வாரத்தில் வேண்டாம். முதல் நாள் தாளில் பாதிக்குமேல் வெறுமையாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து அழுகைகூட வரும். கிழித்துப் போட்டுவிடாதே, மேலே தேதி எழுதி வை.

மூன்று வாரம் கழித்து அவள் கொண்டுவந்த ஃபைலில் பத்தொன்பது தாள்கள் இருந்தன. முதல் தாளில் ஆறு வரி. கடைசித் தாளில் இரண்டு பக்கமும் நிறைந்து, ஓரத்தில் அவள் வீட்டுக் கிணற்று மோட்டாரின் பெயர்ப்பலகையைப் பென்சிலால் வரைந்து, 2880 என்ற எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள்.